வடிகானுக்கு எல்லை உண்டா?



ஊவா மாகாணத்தை இரண்டு படிகளாக அமைந்த ஒரு நிலம் எனலாம். மேற்படி பதுளை மாவட்டம். கீழ்ப்படி மொனராகலை மாவட்டம். மேற்படியிலே பெய்யும் மழையின் ஒரு பகுதி பதுளு ஓயா, உமா ஓயா என்னும் ஆறுகளின் வழியே மகாவலியோடு கலக்கின்றது. எஞ்சிய பகுதி தெற்கும் கிழக்கும் நோக்கி இறங்குகின்றது. பண்டாரவளைப் பக்கத்து மலைகளிலே பிறக்கும் கிரிந்தி ஓயா வெல்லவாயவைக் கடந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்பி, திஸ்ஸமஹாராமையின் வயல்களுக்குச் செல்கின்றது. நமுனுகுலை மலைத்தொடரிலே தோன்றும் மாணிக்க கங்கை, கதிர்காமத்து அடியார்கள் நீராடும் தீர்த்தமாகின்றது. லுணுகலை மலைகளிலிருந்து வரும் கும்புக்கன் ஓயா மொனராகலை நாட்டின் வழியே ஓடிக் குமனைக்கு அருகே கடலை அடைகின்றது.

ஆகவே, மேற்படியில் வாழும் ஒருவர் தம் வீட்டுக் கானிலே எதனை விடுகின்றாரோ, அது கீழ்ப்படியில் வாழும் மற்றொருவரின் வயலுக்கோ, கிணற்றுக்கோ, குளிக்கும் துறைக்கோ வந்து சேரும். மொனராகலையிலே ஆசிரியத் தொழில் புரியும் யான் கீழ்ப்படியைச் சேர்ந்தவர்களுள் ஒருவர். மழைநீரை வடியச் செய்வதைப் பற்றி இன்று உங்களோடு பேச முற்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

தோட்டப்புறங்களிலே நாம் 'கான்' என்று வழங்குவதனை நகரத்தார் 'வடிகான்' என்பர். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே. எனினும், வடிகான் எதற்காக என்று கேட்டால், எங்களுள் பெரும்பாலோர் கூறும் விடை, 'தண்ணீரை விரைவாக வெளியே அனுப்புவதற்கு' என்பதாகவே இருக்கும். அவ்விடை பாதி உண்மையே. 'வெளியே' என்று நாம் கூறும் இடத்திலே யார் இருக்கின்றார் என்று கேட்கும்போதுதான் மற்றைப் பாதி விளங்கும்.

முதலிலே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது ஓரங்குல மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஏறத்தாழ 102,800 லீற்றர் ஆகும். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் நீர்ப் பவுசர்கள் பத்தினைக் கொண்டுவந்து ஒரே நேரத்திலே திறந்து விட்டதற்கு அது சமம். அந்நிலம் காடாக இருப்பின், இலையும் சருகும் மழையின் அடியைத் தாங்கும்; வேர்கள் மண்ணைத் துளைத்து நீருக்கு வழிவிடும். நீரிற் பெரும்பகுதி மெல்ல மெல்ல நிலத்துள் இறங்கி, பின்னர் ஊற்றாக வெளிப்படும். அதே நிலம் தகரக் கூரையாகவும், கொங்கிறீற்று முற்றமாகவும், தார் வீதியாகவும் மாறிவிட்டால், விழுந்த நீர் அனைத்தும் சில நிமிடங்களுக்குள் ஓடத் தொடங்கும். மழையின் அளவு மாறவில்லை. அது ஓடும் வேகமே மாறிற்று. வெள்ளமும் மண்ணரிப்பும் அவ்வேகத்தின் விளைவுகளே.

லயக் கூரையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 300 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 75 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளிலே அக்கூரையிலிருந்து மட்டும் 22,500 லீற்றர் நீர் இறங்கும். பீலியில்லாத கூரையாயின் அந்நீர் சுவரடியிலே விழுந்து அத்திவாரத்தை அரிக்கும். பீலி இருந்தும் கான் இல்லையாயின், கீழ்வரிசை லயத்தின் கொல்லைப்புறத்திலே போய் விழும்.

நேயர்களே, மலைச்சரிவிலே நீரை நடத்தும் கலை எங்கள் மக்களுக்குப் புதியதன்று. தேயிலை மலைகளுக்கிடையே நடந்து சென்றவர்கள் அங்குள்ள கான்களைக் கவனித்திருப்பர். அவை மேலிருந்து கீழாக நேரே இறங்குவதில்லை. மலையைச் சுற்றிக் குறுக்காகச் செல்கின்றன. நூறடி நடந்தாலும் ஓரடியளவே தாழும் மெல்லிய சரிவு அவற்றிற்கு உண்டு. கானின் அடித்தளத்திலே இடையிடையே மண் வரம்புகளை விட்டு, வரம்புகளுக்கிடையே குழிகளை அமைத்திருப்பர். மழைநீர் ஒரு குழியை நிரப்பி, வரம்பைத் தாண்டி, அடுத்த குழிக்குச் செல்லும். அவ்வாறு தங்கித் தங்கிச் செல்கையிலே நீர் கொண்டுவந்த மண் குழியின் அடியிலே படியும். நீரின் ஒரு பகுதி தேயிலை வேருக்குச் செல்லும். எஞ்சிய நீரே, தெளிந்து, பெரிய கானை அடைந்து, கற்படிகளின் வழியே ஓடைக்கு இறங்கும். கானின் கரையிலே மானாப்புல்லை நட்டு மண்ணைப் பிடித்து வைப்பதும் வழக்கம். மழைக்காலம் முடிந்ததும் குழியிலே தங்கிய மண்ணை அள்ளி மீண்டும் தேயிலை அடியிலே இடுவர்.

இந்த அறிவு எளிதிலே கிடைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடழித்தபோது, மேல்மண் மழையோடு ஓடிற்று. 1869ஆம் ஆண்டிலே எமது மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலை வந்தது. மண் போன பிறகு உரமிட்டுப் பயனில்லை என்பதனைத் தோட்டக்காரர்கள் பட்டுணர்ந்தனர். 1951ஆம் ஆண்டிலே 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. ஆயினும், காகிதத்திலுள்ள சட்டத்தை மலையிலே எழுதியவர்கள் மண்வெட்டி பிடித்த தொழிலாளர்களே. கொட்டும் பனியிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் செய்த கான்வெட்டு வேலைதான் இன்றுவரை அந்த மலைகளைத் தாங்கி நிற்கின்றது. பள்ளிப் பாடநூல்களிலே நீர்ப்பாசன மன்னர்களைப் பற்றிப் படிக்கும் எங்கள் பிள்ளைகள், தம் பாட்டன்மாரும் நீரியல் அறிந்தவர்களே என்பதனையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இன்று அந்த வேலை பின்தங்கிவிட்டது. தோட்டங்களிலே தொழிலாளர் தொகை குறைந்துவிட்டது. இருக்கும் கைகளைக் கொழுந்து பறிப்பதற்கே ஈடுபடுத்துவதால், கான்வெட்டு அடுத்த மாதத்துக்கும் அடுத்த ஆண்டுக்கும் தள்ளிப்போடப்படுகின்றது. தூர்ந்த கான், கான் இல்லாத நிலையைவிடத் தீயது. ஏனெனில், அது மலை முழுவதன் நீரையும் திரட்டிக் கொண்டுவந்து, அடைபட்ட ஓரிடத்திலே ஒருசேரக் கொட்டும். அவ்விடத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு லயம் இருக்கும்.

இந்த இடத்திலேதான் எல்லை என்னும் கேள்வி எழுகின்றது. தேயிலைக்குள் இருக்கும் கான் தோட்ட நிருவாகத்தினுடையது. பெருந்தெருவோரத்துக் கான் வீதி அதிகார சபையைச் சேர்ந்தது. நகரத்துக் கான் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது. இவற்றுக்கு நடுவே, லயத்து வாசலிலே ஓடும் கான் யாருடையது? குடியிருப்பவருக்கு நிலத்திலே உரித்தில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ, சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளே செலவிடுவதற்குத் தடையாக விளங்கிற்று. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. முப்பத்தொரு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் தோட்ட மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். சபையின் மண்வெட்டியோ தோட்ட எல்லைக் கல்லிலே நின்றுவிட்டது. மழைநீர் மட்டும் எல்லைக் கல்லைக் கண்டு நின்றதில்லை.

சட்டம் திருந்திவிட்டது. ஆயினும், திருத்தம் வந்தமையை அறியாத தோட்டங்கள் உண்டு. அறிந்தும் கேளாதவர்கள் உண்டு. தோட்டத் தலைவர்மாரும், தாய்மார் சங்கங்களும், ஆலய பரிபாலன சபையாரும் தத்தம் பிரதேச சபை உறுப்பினரிடம், 'எமது லயத்துக் கானுக்கு இவ்வாண்டு என்ன ஒதுக்கியிருக்கின்றீர்கள்?' என்று கேட்க வேண்டும். கேட்பது உரிமை, யாசகமன்று.

நீரின் வேகத்தைப் பற்றிக் கூறினேன். நிலத்துள் இறங்கும் நீரைப் பற்றியும் கூறவேண்டும். செங்குத்தான மலைச்சரிவிலே அளவுக்கு மிஞ்சிய நீர் மண்ணுக்குள் நிறைந்துவிட்டால், மண் கனத்து, துணிக்கைகளுக்கிடையேயுள்ள பிடிப்புத் தளர்ந்து, சரிவு முழுவதும் நழுவிவிடும். மண்சரிவு என்பது இதுவே. கொழும்பு – பதுளைப் புகையிரதப் பாதையிலே வட்டவளையில் 1992ஆம் ஆண்டு நேர்ந்த மண்சரிவைப் பலர் அறிந்திருப்பர். அங்கே பொறியியலாளர்கள் செய்த முக்கியமான பரிகாரம் பெரிய மதில் கட்டியதன்று. நிலத்தின் ஆழத்திலே துளையிட்டு, வடிகுழாய்களைச் செலுத்தி, மலைக்குள்ளே தேங்கிய நீரை வெளியேற்றியதேயாகும். மலையைத் தாங்குவதற்கு நீரைக் குறைப்பதே வழி என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், எல்லா இடங்களையும் கான் வெட்டிக் காத்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறாகும். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தை நாம் மறக்க முடியுமா? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள் காலையிலே, தொடர்ந்து பெய்த மழையின் பின், மலையின் ஒரு பக்கம் இறங்கி வந்து லய வரிசைகளை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுள் பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது, மக்களை வேறிடத்திலே குடியமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் அனர்த்தத்துக்கும் இடையே ஆண்டுகள் பல இருந்தன. இல்லாதிருந்தது, குடிபெயர்வதற்கு அம்மக்களுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலமே. 'எழுந்து போ' என்று கூறுவோர், 'எங்கே போவது?' என்ற கேள்விக்கும் விடை வைத்திருத்தல் வேண்டும்.

பின்னும் நாம் போதிய அளவு விழித்துக்கொள்ளவில்லை என்பதனை 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே வந்த டித்வாப் புயல் காட்டிற்று. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

இனி, நகரத்துக்கு இறங்குவோம். தோட்டத்துக் கானுக்கு மண் பகையென்றால், நகரத்துக் கானுக்குக் குப்பை பகையாகும். கடைத்தெருவின் வடிகான் மூடியைத் திறந்து பார்த்தால், பொலித்தீன் பைகளும், பிளாத்திக்குப் போத்தல்களும், சந்தைக் கழிவுகளும் காணப்படும். சாப்பாட்டுக்கடையின் எண்ணெய்ப் பிசுக்கும், வாகனம் திருத்துமிடத்தின் கழிவெண்ணெயும் அதனுள் ஓடும். சிலர் மலசலகூடக் குழாயையும் இரவோடிரவாக அதனோடு இணைத்துவிடுகின்றனர். மழைநீருக்கென அமைந்த வடிகான் வேறு. கழிவுநீருக்குரிய வழி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், வெயிற்காலத்திலே துர்நாற்றமும் மழைக்காலத்திலே நோயும் எஞ்சும். வெள்ளத்தோடு வரும் கழிவு கிணற்றிலே கலந்தால் வயிற்றோட்டமும் செங்கமாரியும் வரும்; எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலே வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும்; அடைபட்ட கானிலும் வீசிய போத்தலிலும் தேங்கிய மழைநீரிலே நுளம்பு பெருகினால் டெங்கு வரும். 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராக அறிக்கையிடப்பட்டனர் என்பதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மொகெஞ்சதாரோ நகரத்தார் செங்கல்லால் வடிகான் கட்டி, அதற்கு மூடியும் இட்டனர். அழுக்குப் படிவதற்கென இடையிடையே குழிகளையும் அமைத்தனர். தோட்டத்துக் கானிலே நாம் கண்ட அதே தத்துவம் இது: நீரைத் தங்க வை; அழுக்கை அங்கேயே எடுத்துவிடு; தெளிந்ததை அனுப்பு.

கொழும்பு மாநகரம் இந்தப் பாடத்தை வேறொரு வகையிலே கற்றுக்கொண்டது. 1992ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அங்கே ஒரே நாளிற் பெய்த மழை 490 மில்லிமீற்றருக்கு அதிகம். மாநகரம் நீரிலே மூழ்கிற்று. கால்வாய்களை அகலமாக்குவதும் தூர் வாருவதும் அதன் பின்னர் பெருமளவிலே நடைபெற்றன. காலப்போக்கில் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் வீணான நிலங்கள் அல்ல. மிகுதி நீரைச் சில நாட்கள் தாங்கி வைத்துப் பின் மெல்ல விடும் பெரும் பாத்திரங்கள் அவை. அவற்றை மண் போட்டு நிரப்பினால், அந்நீர் வீடுகளுக்குள்ளே இடம் தேடும். 2018ஆம் ஆண்டிலே ராம்சார் சாசனத்தின்கீழ் ஈரநில நகரம் என்னும் தகுதி கொழும்புக்குக் கிடைத்தது. எமது மலைநாட்டு நகரங்களுக்குச் சதுப்பு நிலம் இல்லை. ஆயினும் ஓடைக்கரை உண்டு, பள்ளத்து வயல் உண்டு. அவற்றை நிரப்பிக் கடை கட்டுவோர், தம் கடைக்குள் வெள்ளம் புகுந்தது என்று மழையைக் குறைகூறுவது முறையாகாது.

நேயர்களே, அரசாங்கமும் சபைகளும் நிருவாகமும் செய்ய வேண்டியன பலவுள. அவற்றைக் கேட்டுப் பெறும் அதே வேளையில், நாமே செய்யக்கூடியன சிலவற்றையும் கூற விரும்புகின்றேன்.

ஒன்று: எமது பெருமழை ஒக்டோபரிலே தொடங்குகின்றது. ஆகவே, கான் துப்புரவு செய்யும் காலம் செப்டெம்பர். மழை பெய்யும் இரவிலே மண்வெட்டியைத் தேடுவது பயன் தராது. ஆடித் திருவிழாவுக்கு ஊர் கூடுவதுபோல, செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை லயத்தார் அனைவரும் கூடி, மேற்கானிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே ஒழுங்காகத் துப்புரவு செய்தல் வேண்டும். தத்தம் வாசலோடு நிறுத்திக்கொண்டால், மேல்வீட்டார் தள்ளிய மண் கீழ்வீட்டார் வாசலிலே அடைக்கும்.

இரண்டு: ஒவ்வொரு லயத்தின் முடிவிலும் மண் தங்குவதற்கு ஒரு குழி இருத்தல் நன்று. அதில் தங்கும் மண்ணை மரக்கறித் தோட்டத்துக்கு இடலாம். குழியைத் தவறாது இறைத்துத் துப்புரவாக வைத்தால் நுளம்பும் பெருகாது. நேரே கீழ்நோக்கி இறங்கும் கானாயின், கல் அடுக்கிப் படி அமைத்தால் நீரின் வேகம் தணியும்.

மூன்று: வீடு கட்டுவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டுதல் கூடாது. வெட்டியே ஆகவேண்டுமாயின், பதுளை மாவட்டத்திலே அபாய நிலப்படம் தயாரிக்கும் பணியை 1990ஆம் ஆண்டிலே தொடங்கிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

நான்கு: மலை வாய்திறந்து பேசாதெனினும் அடையாளம் காட்டும். நிலத்திலே புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரமோ மின்கம்பமோ சாய்தல், கதவு யன்னல் இறுகுதல், தெளிந்த ஊற்று திடீரெனச் சேறாதல், புதிய இடத்திலே ஊற்றுக் கிளம்புதல் – இவை கண்டவுடன் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வழியே அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவித்து, அவ்விடத்தைவிட்டு அகலுதல் வேண்டும். பொருளை எடுக்கத் திரும்பிச் செல்லுதல் ஆகாது.

ஐந்தாவது, எங்கள் மாணவர்களுக்குரியது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டியெடுத்து, அதனைத் தலைகீழாக அதன் வாயிலே புனல்போல் வைத்து, அடிவரைக்கும் நீரூற்றிச் சமப்படுத்திய கோட்டிலிருந்து மில்லிமீற்றர் அளவைக் குறித்துவிட்டால், அதுவே ஒரு மழைமானி. மரமோ கூரையோ மறையாத வெளியில் அதனை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, கரும்பலகையில் எழுதலாம். இருபத்துநான்கு மணித்தியாலத்திலே 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகுதல் வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்திலே 75ஐத் தாண்டினால், அபாயமான சரிவிலே தங்குதல் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கக்கூடிய இந்த மூன்று எண்கள், ஒரு லயத்தின் உயிரைக் காக்கக்கூடியவை. பெரியோர்களே, பிள்ளை வந்து, 'இன்று நூறைத் தாண்டிவிட்டது' என்று கூறினால், 'போய்ப் படி' என்று விரட்டாதீர்கள். அப்பிள்ளை படித்ததன் பயனையே உங்களிடம் கொண்டுவந்திருக்கின்றது.

இறுதியாக ஒன்று. மேலிருப்பவரின் கவனத்திலே கீழிருப்பவரின் உயிர் தங்கியிருக்கின்றது. மலையுச்சித் தேயிலைக்குள் அடைபட்ட கான் லயத்தை வருத்துகின்றது. லயத்திலிருந்து இறங்கும் சேறு நகரத்து மதகை அடைக்கின்றது. நகரம் தள்ளிய குப்பை ஆற்றிலே மிதந்து உழவனின் வாய்க்காலுக்குச் செல்கின்றது. வெலிமடைச் சரிவுகளிலிருந்து கழுவப்பட்ட மண் உமா ஓயாவின் வழியே சென்று ரந்தெம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்க்கின்றது. எங்கும் ஓடுவது ஒரே நீர். அதனைத் தோட்டம் என்றும், சபை என்றும், வீதி என்றும், என் வீடு, உன் வீடு என்றும் பிரித்தவர்கள் நாமே. மலையுச்சியிலிருந்து ஆற்றுத்துறை வரைக்கும் அதனை ஒரே வடிகானாகக் கருதி, அதன் எப்பகுதி அடைபட்டாலும் பொறுப்புடையோரைக் கேட்கவும், எம்மாலியன்றதைச் செய்யவும் முற்படுவோமாக.